லயத்துச் சுவரும் சரித்திரம் சொல்லும்



தொல்பொருள் ஆராய்ச்சி என்றதும் அநுராதபுரமும் பொலன்னறுவையும்தான் ஞாபகத்துக்கு வரும். "நம்ம லயத்துல என்னங்க இருக்கு, ஆராய்ச்சி பண்ண?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாட்டன் பூட்டன் காலத்தை, ஏன், நேற்றைய வாழ்க்கையைக் கூட, மிச்சமிருக்கும் பொருட்களைப் பார்த்து அறிவதும் அந்த ஆராய்ச்சியில் ஒரு பிரிவுதான்.

அமெரிக்காவில் வில்லியம் ராத்ஜே என்ற பேராசிரியர் 1973 ஆம் ஆண்டு தொடங்கி, டூசன் நகரத்து வீடுகளின் குப்பையைப் பிரித்து ஆராய்ந்தார். பியர் கொஞ்சம்தான் குடிக்கிறோம் என்றார்கள் ஜனங்கள். குப்பையில் கிடந்த டின்களும் போத்தல்களும் வேறு கணக்குச் சொல்லின!

நம் கதையோ எழுதப்படாத கதை. செக்ரோலில் பேர் உண்டு, சம்பளம் உண்டு. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஒரு குடும்பம் எங்கே சமைத்தது, எங்கே படுத்தது என்பது அதில் இல்லை. அதைச் சுவர்தான் சொல்லும். கரி படிந்த மூலை, அடுப்பு இருந்த இடம். ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு, எத்தனை தடவை வெள்ளையடித்தார்கள் என்பதற்குச் சாட்சி. இஸ்தோப்பை மறைத்து அடித்த தகரம், குடும்பம் பெருகிய கதை.

ஆனால் ஒரு சிக்கல். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியவற்றையே பொதுவாகத் தொல்பொருள் என்கிறது. அது கண்டி இராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதோ 1820களில். ஆகவே நம் அடையாளங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். தனியாகக் கட்டளை பிறப்பித்தாலன்றி அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை.

கண்டி ஹந்தானையில் 1925 இல் கட்டிய தேயிலை ஸ்டோர், 2001 முதல் நூதனசாலையாக இருக்கிறது. அங்கே பழைய மெஷின்களைப் பார்க்கலாம். லூல்கந்துரவில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பேரும் நிலைத்திருக்கிறது. அந்த மலையை வெட்டித் திருத்திய கைகளின் பேர் எங்கே? இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கம்பளைக்குப் பக்கத்தில், பரதெக்க ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் நூதனசாலையாக்கி 2007 இல் திறந்தது, கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம்.

லயம் போய் வீடு வரட்டும். அது நம் உரிமை. இடிக்கிறதுக்கு முந்தி இவற்றைச் செய்து வையுங்கள்:

1. உள்ளும் புறமும் போட்டோ எடுங்கள். காம்பராவை அளந்து, படம் கீறுங்கள்.

2. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, துண்டு, தகர டிக்கட் எதையும் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். யாருடையது, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். இடம் தெரியாத பொருள் பாதி ஊமை.

3. பாட்டியிடம் பொருளைக் காட்டிக் கேளுங்கள். கையில் எடுத்தால் கதை தானாக வரும்.

4. நீங்களே மண்ணைத் தோண்டாதீர்கள். மண்ணில் கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது. கலைத்துவிட்டால் பிறகு யாராலும் வாசிக்க முடியாது.

சுவர் விழுந்தால் மறுபடி கட்டலாம். அது சொன்ன கதையை மறுபடி கட்ட முடியாதுங்க.