வலப்பக்கம் 18 அங்குலம்

மண்முனைத் துறையில் பாலம் வருவதற்கு முந்திய காலம். தோணியை வாவி நடுவே நிறுத்திவிட்டு மாமா கரையைக் காட்டினார். தண்ணீரோரம் ஒரு தென்னை. அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், பள்ளிக்கூடத்து ஓட்டு முகடு.

"என்ன மனே, ரெண்டும் ஒண்டாத் தெரியுதா?"

தெரிந்தது. பிறகு மற்றக் கரைப்பக்கம் திருப்பி, இன்னொரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கூரையையும் காட்டினார். அவையும் ஒன்றாகவே தெரிந்தன. "அப்ப கட்டை நமக்கு நேர கீழதான் கிடக்கு. வலையை இதுக்குள்ள போட்டா கிழிஞ்சிரும்." கம்பை விட்டுக் குத்தினார். டொக்கென்றது.

பல வருடம் கழித்துப் பழைய 303 துவக்கைப் பற்றிப் படித்தபோது அந்தத் தென்னைதான் ஞாபகம் வந்தது. கொக்கட்டிச்சோலையில் இருந்துகொண்டு துவக்கு என்ற சொல்லை எழுதக் கை ஒருகணம் தயங்கத்தான் செய்கிறது. 1987 ஜனவரிப் படுகொலையையும் 1991 ஜூன் படுகொலையையும் இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வருவது அந்த இரும்புக்குள் இருக்கும் கேத்திர கணிதத்தை.

லீ-என்ஃபீல்ட் என்பது அதன் முழுப்பெயர். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீற்றர், அதனால் 303. இலங்கைப் பொலிஸார் நெடுங்காலம் தோளில் சுமந்தது இதைத்தான். தொலைநோக்கி எதுவும் அதில் கிடையாது. கண்ணிருக்கும் பக்கமாக ஒரு பிளவு, அது பின்குறி. குழல் நுனியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு தகடு, அது முன்குறி. தென்னையும் ஓட்டு முகடும் போல இரண்டையும் ஒன்றாக்கினால் ஒரு நேர்கோடு கிடைக்கிறது. அந்தக் கோடு போய்ச் சேரும் இடமும் சன்னம் போய்ச் சேரும் இடமும் ஒன்றாக இருக்கும்படி குறிகளை நகர்த்தி வைப்பதுதான் 'சீரோ' பண்ணுவது.

அதைச் சரியாகச் செய்யாமல் விட்ட கதை ஒன்று உண்டு. 1899இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. புதிதாகத் திரட்டிய குதிரைப்படைக்குப் பிரித்தானிய அரசு புத்தம்புதிய லீ-என்ஃபீல்ட்களைக் கொடுத்தது. சுட்டுப் பார்த்தால், 500 யாரில் சன்னம் 18 அங்குலம் வலப்பக்கம் தள்ளிப் போகிறது. நம் கணக்கில் ஒரு முழம். ஆள் நிற்கும் இடத்தில் ஒரு முழம் விலகினால் காற்றைத்தான் சுட வேண்டும்.

எவ்வளவு பெரிய பிழை இது? 500 யார் என்பது 18,000 அங்குலம். அதில் 18 அங்குலம் என்றால் ஆயிரத்தில் ஒன்று. இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ அரை மீற்றர். அதில் ஆயிரத்தில் ஒன்று, ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். ஒரு நெல்மணியின் தடிப்பில் கால்பங்கு முன்குறி விலகியிருந்தால் போதும், அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் அது ஒரு முழமாகிவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தப் போரில் பிடிபட்ட போயர்களில் ஏறத்தாழ 5,000 பேரை 1900 முதல் பிரித்தானியர் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானோரை அடைத்தது தியத்தலாவையில். செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியால் ஏறினால் போய்ச் சேரும் மலைநாடுதான்.

சரி, சன்னம் வலப்பக்கம் போகிறது. முன்குறியை எந்தப் பக்கம் தட்ட வேண்டும்? இடப்பக்கம் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் வலப்பக்கம்தான் தட்ட வேண்டும். முன்குறி இருக்கவேண்டிய இடத்துக்கு இடதாக நின்றால், அதை இலக்கில் வைப்பதற்காகச் சுடுகிறவர் தன்னை அறியாமலே குழலை வலப்பக்கம் திருப்பிவிடுகிறார். குறியை வலப்பக்கம் நகர்த்தினால் குழல் இடப்பக்கம் வரும். உயரமும் அப்படித்தான்: சன்னம் மேலே போனால் முன்குறியை இன்னும் உயரமாக்க வேண்டும். பின்குறி இதற்கு நேர்மாறு; சன்னம் போகவேண்டிய பக்கமே அதை நகர்த்த வேண்டும்.

பிறகு வந்த நான்காம் இலக்க லீ-என்ஃபீல்டுக்கு முன்குறித் தகடுகள் பல உயரங்களில் வந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.015 அங்குலம். தகட்டை ஒரு படி மாற்றினால் 100 யாரில் சன்னம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். பின்குறியையும் கண்ணுக்குக் கிட்டப் பின்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முந்திய வகையில் 49 சென்ரிமீற்றராக இருந்த குறி இடைவெளி 73 ஆயிற்று. தென்னையும் முகடும் எவ்வளவுக்கு விலகி நிற்கின்றனவோ, தோணி அசைந்தது அவ்வளவுக்குச் சட்டென்று தெரியும். அதே காரணம்தான்.

அந்தப் பின்குறியில் பிளவு போய்ச் சிறு துளை வந்தது. பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று தூரத்தில் மூன்று பொருட்கள்; கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். சின்னத் துளைக்குள்ளால் பார்த்தால் கிட்டவும் எட்டவும் ஓரளவு சேர்ந்தே தெளியும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு, காகிதத்தில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, அதற்குள்ளால் இந்த வரியை வாசித்துப் பாருங்கள்.

முன்குறியைத் தட்டச் சுத்தியலைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. துவக்கை மணல்மூட்டையில் சாய்த்து, ஐந்து முறை சுட்டு, தாளில் விழுந்த ஓட்டைகளைப் பார்க்க வேண்டும். ஐந்தும் ஐந்து பக்கம் சிதறினால் குறியில் கைவைக்கக் கூடாது. பிழை கையில் இருக்கலாம், மூச்சில் இருக்கலாம், தளர்ந்த திருகாணியில் இருக்கலாம். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் கூடி, ஆனால் வேறிடத்தில் விழுந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டும். ஒரே மாதிரிப் பிழை திருத்தக்கூடிய பிழை. ஒவ்வொரு முறையும் அதே முழம் தவறியதால்தான் போயர் யுத்தத்துத் துவக்குகளைத் திருத்த முடிந்தது.

இத்தனைக்கும் சன்னம் நேர்கோட்டில் போவதே இல்லை. செக்கனுக்கு 744 மீற்றர் வேகத்தில் கிளம்பினாலும், குழலை விட்ட கணத்திலிருந்து தேங்காய் விழுவது போல அதுவும் விழுகிறது. 100 மீற்றரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், 300 மீற்றரில் ஏறத்தாழ ஒரு மீற்றர். ஆகவே குழல் எப்போதும் பார்வைக்கோட்டை விடச் சற்று மேல்நோக்கியே இருக்கும். சன்னம் அந்தக் கோட்டைக் கீழிருந்து ஒருமுறை வெட்டி ஏறி, இறங்கும்போது மறுபடி வெட்டும். அந்த இரண்டாவது வெட்டு எத்தனை யாரில் நிகழவேண்டும் என்பதையே பின்குறியின் இலக்கங்கள் சொல்கின்றன.

ஒருமுறை வைத்த சீரோ அப்படியே நிற்பதும் இல்லை. குழலுக்கு அடியில் இருப்பது மரம். மாரியில் நம் வீட்டுக் கதவு ஊதிச் சட்டத்தில் இறுகுவது போல அதுவும் ஈரம் குடித்து ஊதி, குழலை ஒரு பக்கம் நெருக்கும். ரஷ்ய மோசின்-நாகன்ட் துவக்கைத் துப்பாக்கிமுனைக் கத்தியை மாட்டியபடியே சீரோ பண்ணினார்கள். கத்தியைக் கழற்றினால் சன்னம் வேறிடம் போகும்.

1978 நவம்பர் 23 சூறாவளி பற்றி மாமா அடிக்கடி பேசுவார். வீடு போனதை ஒரு வரியில் முடித்துவிடுவார். தென்னை போனதைத்தான் விரிவாகச் சொல்வார். விடிந்து வாவிக்குள் போனால் கரை மொட்டை. கட்டை எங்கே கிடக்கிறதென்று எவருக்கும் தெரியவில்லை. கம்பால் குத்திக் குத்திக் கட்டையைத் தேடிப் பிடித்து, அதன் மேலே தோணியை நிறுத்தி, ஒன்றாய்த் தெரிகிற வேறு இரண்டு சோடியைக் கரையில் தேடினார்களாம். நான் பார்த்த தென்னை, அப்போது தென்னம்பிள்ளையாக நின்று தப்பியது.