பெரிய பேட்டரியை எழுப்பும் சின்ன பேட்டரி

கெடா தோட்டங்களில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை அறியாத குடும்பம் ஒரு காலத்தில் குறைவு. லயங்களுக்கு மாலையில் சில மணி நேரம் மட்டும் இன்ஜின் கரண்ட் வந்த நாட்களில், பல வீடுகளில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி கார் பேட்டரியில்தான் ஓடியது. சார்ஜ் தீர்ந்ததும் அதைச் சைக்கிளில் கட்டி, பட்டணத்துக் கடையில் கொடுத்து ஏற்றி வருவார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் தாமான்களில் வசிக்கிறார்கள். சில வாசல்களில் மின்சாரக் கார் நிற்கிறது. பிஒய்டி ஆட்டோ 3 கார் 2022 டிசம்பரிலும், புரோட்டோன் இ.மாஸ் 7 கார் 2024 டிசம்பரிலும் மலேசியச் சந்தைக்கு வந்தன. அந்தக் கார்களுக்குள்ளும் ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரியில் எண்பது விழுக்காடு சார்ஜ் இருந்தாலும் கார் அசையாது.

எதற்கு இரண்டு பேட்டரி?

காரை ஓட்டும் பெரிய பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் அழுத்தம் சுமார் 400 வோல்ட். நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று வாகனப் பாதுகாப்பு விதிகள் வகுத்திருக்கின்றன. ஆகவே, கார் நிற்கும்போதும் விபத்து நேரும்போதும் அந்த 400 வோல்ட்டைக் காரின் மற்ற பாகங்களிலிருந்து முழுமையாகத் துண்டித்துவிட வேண்டும். காண்டாக்டர் எனப்படும் தடித்த மின்விசைகள் இந்த வேலையைச் செய்கின்றன.

அந்த விசைகள் மூடினால்தான் பெரிய பேட்டரியின் மின்சாரம் வெளியே வரும். அவற்றை மூட வைக்கும் சுருளுக்கோ பன்னிரண்டு வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, கணினிகள், திரை, காற்றுப்பை, அபாய விளக்கு, பிரேக் கட்டுப்பாடு எல்லாமே அந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பெரிய பேட்டரி நிறைந்த நெற்களஞ்சியம் என்றால், சின்ன பேட்டரி அதன் சாவி. சாவியைத் தொலைத்தவருக்குக் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை இருந்தும் பயனில்லை.

கூலிமில் உருவாகும் சில்லு

பெட்ரோல் காரில் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். மின்சாரக் காரில் அந்த வேலையை டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது. 400 வோல்ட்டைச் சுமார் 14 வோல்ட்டாக இறக்கி, ஓடும்போதும், பெரும்பாலான கார்களில் சார்ஜ் ஏறும்போதும், சின்ன பேட்டரிக்கு அனுப்புகிறது. இதற்குள் இருக்கும் சில்லுகள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகின்றன. சிலிக்கான் கார்பைடு சில்லுகள் உயர் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சாதாரண சிலிக்கானைவிட நன்றாகத் தாங்கும். மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குவதும் குறைவு.

அந்தச் சில்லுகளுக்கென்றே உலக அளவில் பேசப்படும் ஒரு தொழிற்சாலை கெடாவில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் இன்ஃபினியன் நிறுவனம் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் கட்டிய மூன்றாவது ஆலையின் முதல் கட்டம் 2024 ஆகஸ்ட் 8 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் திறக்கப்பட்டது. முதல் கட்ட முதலீடு மட்டும் 200 கோடி யூரோ. மின்சாரக் காரின் மின்மாற்றுக் கருவிகளுக்குத் தேவையான ஆற்றல் சில்லுகள் அங்கே தயாராகின்றன.

டிசி-டிசி கன்வெர்ட்டர் பழுதானால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. சார்ஜரையும் டிசி-டிசி கன்வெர்ட்டரையும் ஒரே பெட்டியில் இணைத்த அமைப்பில் கோளாறு தெரிந்ததால், ஹூண்டாய், கியா, ஜெனிசிஸ் மின்சாரக் கார்கள் 2024இல் திரும்ப அழைக்கப்பட்டன. தென்கொரியாவில் மட்டும் சுமார் 170,000 கார்கள். பெட்டி பழுதானால் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. அது காலியானதும், ஓடிக்கொண்டிருக்கும் காரே உந்துவிசை இழக்கும். எனவே, நிறுவனத்திடமிருந்து திரும்ப அழைப்போ மென்பொருள் புதுப்பிப்போ வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

வெயிலும் விழித்திருக்கும் காரும்

பல மின்சாரக் கார்களில் சின்ன பேட்டரி இன்றும் ஈய அமில வகைதான். பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859இல் கண்டுபிடித்த அதே வேதியியல். மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது கரைகிறது. பேட்டரியை வாரக்கணக்கில் குறை சார்ஜிலேயே விட்டால், அந்தப் படிவு பெரிய, கெட்டியான படிகங்களாகிவிடும். பிறகு சார்ஜ் கொடுத்தாலும் முழுமையாகக் கரையாது. அந்தத் தகட்டின் பரப்பு நிரந்தரமாக இழப்புதான்.

வெப்பம் இந்தச் சேதத்தை விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் பேட்டரிக்குள் தேய்மான வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆயுள் பாதியாகும். கெடாவில் தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறட்சிக் காலம். பக்கத்து மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 பாகை செல்சியஸ் பதிவாகி, நாட்டின் உச்ச வெப்பமாக இடம்பெற்றது. மின்சாரக் காரில் இன்ஜின் சூடு இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் நாள் முழுக்கத் திறந்த வெயிலில் நிற்கும் காருக்கு அந்தச் சலுகை பெரிதாக உதவாது.

சின்ன பேட்டரி படுக்க மூன்றாவது காரணம் நாம் மாட்டும் கருவிகள். 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூங்கும் கார் 30 மில்லி ஆம்பியர் இழுத்தால், மூன்று வாரத்தில் சுமார் 15 ஆம்பியர்-மணி போகும். இது தாங்கக்கூடியது. நிறுத்தியபின்னும் பதிவுசெய்யும் டேஷ்கேம் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கே 7.2 ஆம்பியர்-மணி. மூன்றே நாளில் பேட்டரி பாதியாகிவிடும். கைப்பேசிச் செயலியைத் திறந்து திறந்து பார்ப்பதும் காரின் கணினிகளை எழுப்பும். விழித்த கார் பல ஆம்பியர் இழுக்கும். சின்ன பேட்டரி இறங்கினால் பெரிய பேட்டரியிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும் கார்களும் உண்டு. ஆனால் பெரிய பேட்டரி மிகவும் குறைந்திருந்தால் அவற்றில் சில அந்த உதவியை நிறுத்திவிடும்.

பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட்டர் முனகும், நமக்குத் தெரிந்துவிடும். மின்சாரக் காரில் ஸ்டார்ட்டர் இல்லாததால் அந்த எச்சரிக்கையும் இல்லை. நேற்று நன்றாக ஓடிய கார் இன்று கதவைக்கூடத் திறக்காமல் நிற்கும். திரை மினுக்குவது, கதவு தாமதமாகத் திறப்பது, சம்பந்தமில்லாத பல எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் தோன்றுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

அளந்து பாருங்கள்

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். சின்ன பேட்டரி இருக்கும் பகுதியின் மூடியைத் திறந்து வைத்து, காரைப் பூட்டி, சில மணி நேரம் தூங்கவிட்டபின் அளக்க வேண்டும். கதவைத் திறந்தால் கார் விழித்துக்கொள்ளும். ஈய அமில பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். காரை இயக்கத் தயார் நிலைக்குக் கொண்டுவந்தபின் 13.5 முதல் 14.5 வரை காட்டினால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்று பொருள்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்பதைக் கையேட்டில் முதலில் பாருங்கள். டெஸ்லா 2021 முதல் படிப்படியாக லித்தியம் வகைக்கு மாறியது. பிஒய்டியின் பல கார்களில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இருக்கிறது. அவற்றுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. ஈய அமில சார்ஜரின் சல்ஃபேட் நீக்கும் முறையையும் அவற்றில் பயன்படுத்தக் கூடாது.

ஊருக்குப் போகும்முன்

ஒரு மாதம் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெரிய பேட்டரியை ஐம்பது, அறுபது விழுக்காட்டில் விட்டுச் செல்லலாம். டேஷ்கேமைக் கழற்றுங்கள், காவல் கேமரா வசதியை அணையுங்கள், காரை நிழலில் நிறுத்துங்கள், சாவியைக் காருக்கு அருகில் மாட்டாதீர்கள். வீட்டில் ஆள் இருந்தால், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். சார்ஜர் வயரை மாட்டிவிட்டுப் போனால் போதும் என்று நினைக்க வேண்டாம். பல கார்களில் பெரிய பேட்டரி நிறைந்ததும் கன்வெர்ட்டரும் ஓய்ந்துவிடும்.

மீறியும் படுத்துவிட்டால், கைச்சாவியால் கதவைத் திறந்து, கையேடு காட்டும் முனைகளில் சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டரை இணைத்தாலே பெரும்பாலும் கார் விழித்துக்கொள்ளும். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது. உங்கள் மின்சாரக் காரிலிருந்து பக்கத்து வீட்டுப் பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு அந்தக் கன்வெர்ட்டர் தயாரானதல்ல. அடியோடு காலியான ஈய அமில பேட்டரியை அரை மணி ஓட்டத்தால் மீட்க முடியாது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், மெதுவாக, இரவு முழுக்க ஏற்ற வேண்டும்.

பழைய பேட்டரியை வீட்டுப் பின்புறம் போட்டு வைக்காதீர்கள். ஈயமும் அமிலமும் கிணற்றையும் வடிகாலையும் கெடுக்கும். மலேசியச் சட்டம் அதை அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியிருக்கிறது. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்துவிடலாம்.

ஆண்டு சர்வீசுக்குப் போகும்போது, பெரிய பேட்டரியின் நலத்தோடு சின்ன பேட்டரியையும் சோதித்து எண்ணை எழுதிக் கொடுக்கும்படி கேளுங்கள். மூன்று ஆண்டைத் தாண்டிய ஈய அமில பேட்டரி சோதனையில் தளர்ந்து தெரிந்தால், படுக்கும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.