கையெழுத்துப் போடாத மனிதர்

சென்ற வாரம் பொய்க்கணக்கு எழுதச் சொன்ன முதலாளிகளைப் பார்த்தோம். அங்கே எது சரி, எது தவறு என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. துணிச்சல் இருந்ததா, இல்லையா என்பதுதான் கேள்வி. இந்த வாரத்துக் கதை அவ்வளவு எளிதல்ல. நன்றாகப் படித்த, அனுபவமுள்ள, யாரையும் ஏமாற்ற நினைக்காத முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தொலைபேசியில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் 7 பேர் இறந்தார்கள்.

1986 ஜனவரி 27. மறுநாள் காலை ஃப்ளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். பயணம் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருந்தது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் அதில் போகிறார் என்பதால் அமெரிக்கா முழுக்கப் பிள்ளைகள் வகுப்பறைத் தொலைக்காட்சியில் பார்க்கக் காத்திருந்தார்கள். ஆனால் அன்றிரவு ஃப்ளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கும் என்றது வானிலை அறிக்கை.

விண்ணோடத்தின் இருபுறமும் நிற்கும் ராக்கெட்டுகளைச் செய்து தந்தது யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தயோகோல் நிறுவனம். ராக்கெட்டைத் துண்டு துண்டாக ரயிலில் அனுப்பி, ஃப்ளோரிடாவில் ஒன்றின் மேல் ஒன்றாக இணைப்பார்கள். இணைப்பின் இடைவெளியை அடைப்பவை இரண்டு ரப்பர் வளையங்கள். குறுக்களவில் சுமார் 12 அடி. கனமோ நம் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. ராக்கெட் பற்றிக்கொண்டதும் உள்ளே எரியும் வாயு வெளியே சீறாமல், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இந்த வளையங்கள் விரிந்து அடைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். விறைத்த ரப்பர் அவ்வளவு சீக்கிரம் விரியாது.

இதை தயோகோலின் பொறியாளர் ரோஜர் போஜோலே ஓராண்டாகவே அறிந்திருந்தார். 1985 ஜனவரியில் சுமார் 12 டிகிரி குளிரில் பறந்து திரும்பிய ராக்கெட்டைப் பிரித்துப் பார்த்தபோது முதல் வளையத்தைத் தாண்டி கரி படிந்திருந்தது. பிறகு சோதனைக்கூடத்தில் 10 டிகிரியில் வளையத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிடமாகியும் அது பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. இந்த இணைப்பைச் சரிசெய்யாவிட்டால் உயிர்ச்சேதம் நேரும் என்று அந்த ஜூலையிலேயே அவர் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஜனவரி 27 இரவு, தயோகோலும் நாசாவும் பேசத் தொடங்கியபோது நிறுவனத்தின் நிலை தெளிவாகவே இருந்தது: 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம். நாசா தரப்பில் ஜார்ஜ் ஹார்டி, இந்தப் பரிந்துரையைக் கேட்டுத் திகைத்துப்போனதாகச் சொன்னார். லாரி மல்லாய், அப்படியென்றால் ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்று வெடித்தார்.

அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. சுமார் 24 டிகிரி வெப்பத்தில் பறந்த இன்னொரு ராக்கெட்டிலும் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்திருந்தது. குளிர்தான் காரணமென்றால் இதற்கு என்ன பதில்? கரியின் நிறத்திலும் அளவிலும் வித்தியாசம் இருப்பதை போஜோலே கண்ணால் பார்த்திருந்தார். எண்ணாகக் காட்ட அவரிடம் போதுமான தரவு இல்லை. கைதேர்ந்த ஒரு தொழில்காரரின் தீர்ப்பு இருந்தது, நிரூபணம் இல்லை. நிர்வாகச் சிக்கல் என்றால் இதுதான் சிக்கல். நம் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் எழும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகின்றன. முழு ஆதாரம் கைக்கு வரும்போது விபத்து நடந்து முடிந்திருக்கும்.

ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று தயோகோல் இணைப்பிலிருந்து விலகியது. அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது. போஜோலேயும் சக பொறியாளர் ஆர்னி தாம்ப்சனும் எழுந்து போய், படம் வரைந்தும் புகைப்படங்களைக் காட்டியும் மேலாளர்களிடம் மன்றாடினார்கள். யாரும் கேட்கிற முகமாக இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு பொது மேலாளர் ஜெரி மேசன், பொறியியல் பிரிவின் தலைவர் பாப் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மேலாளர்கள் 4 பேர் மட்டும் கருத்துச் சொன்னார்கள். ஏவலாம் என்று முடிவானது. விஷயம் தெரிந்த பொறியாளர்களுக்கு அந்த முடிவில் பங்கில்லை.

தயோகோலின் ராக்கெட் ஒப்பந்தம் குறித்து நாசாவோடு பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள எந்த நிர்வாகத்துக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் பணத்தாசை என்று சொல்லி இந்தக் கதையை மூடிவிட எனக்குச் சம்மதமில்லை. என் பார்வையில் பெரிய தவறு, அன்றிரவு கேள்வியே தலைகீழாக மாறியதுதான். அதுவரை எந்தக் கூட்டத்திலும் நாசா கேட்டது, பாதுகாப்பானது என்று நிரூபி என்பதைத்தான். அன்று, வெடிக்கும் என்று நிரூபி என்றார்கள். போஜோலே பின்னர் விசாரணைக் குழுவிடம் இதைத்தான் சொன்னார். கேள்வி மாறியதை அந்த மேலாளர்களில் ஒருவராவது எழுந்து நின்று சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். அதற்குத்தான் அவர்களுக்குப் பதவி.

அதைவிடக் கொடியது இன்னொன்று. இப்படியொரு வாக்குவாதம் நடந்த செய்தி, ஏவுவதற்கு இறுதி அனுமதி தரும் நாசாவின் உச்ச அதிகாரிகளுக்குப் போகவில்லை. ராக்கெட்டின் மேல் உட்காரப்போகிற 7 பேருக்கும் போகவில்லை. ஆபத்தைச் சுமக்கிறவர்களுக்குச் சொல்லாமல் அவர்கள் சார்பில் ஆபத்தை ஏற்றுக்கொள்ள எந்தப் பதவிக்கும் உரிமை கிடையாது.

தயோகோலின் பிரதிநிதியாக ஃப்ளோரிடாவில் இருந்தவர் ஆலன் மெக்டொனால்ட். ஏவலாம் என்ற பரிந்துரையில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்துவிட்டார். ஏதாவது நடந்தால் விசாரணைக் குழுவின் முன் நின்று ஏன் ஏவச் சொன்னேன் என்று விளக்குகிற ஆளாக நான் இருக்க மாட்டேன் என்றார். யூட்டாவிலிருந்து அவருடைய மேலதிகாரி ஜோ கில்மின்ஸ்டர் கையெழுத்திட்டு ஃபேக்ஸில் அனுப்பினார்.

ஜனவரி 28 காலை 11.38. கிளம்பிய 73ஆவது நொடியில் சேலஞ்சர் சிதறியது.

பிப்ரவரியில் விசாரணைக் குழுவின் மூடிய கூட்டத்தில், முந்தைய இரவின் கதையை நாசா அதிகாரிகள் பட்டும் படாமலும் சொன்னபோது பின்வரிசையிலிருந்து மெக்டொனால்ட் எழுந்து உண்மையைச் சொன்னார். நிறுவனம் அவருடைய பொறுப்பைப் பறித்தது. போஜோலேயை உடன் வேலை செய்தவர்களே ஒதுக்கினார்கள். உடைந்துபோய் வேலையை விட்டார். எச்சரித்தவர்களில் இன்னொருவரான பாப் எபலிங், இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமே என்று 30 ஆண்டுகள் தன்னையே நொந்துகொண்டார். தடுக்க முயன்றவர்தான் குற்ற உணர்வையும் சுமந்தார்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் அழிந்து கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தபோதும் இதே கதைதான். இறக்கையில் சேதம் உண்டா என்று பார்க்கப் படம் எடுத்துத் தரும்படி பொறியாளர்கள் கேட்டிருந்தார்கள். நிர்வாகம் அதற்கு இடம் தரவில்லை.

மறுபடி 1986க்கு வருவோம். மெக்டொனால்ட் பதவியிறக்கப்பட்டது தெரிந்ததும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. தயோகோலுக்கு இனி நாசா ஒப்பந்தமே கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். நிறுவனம் அவரைத் திரும்ப அழைத்து, அந்த இணைப்பை மாற்றி வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தது. புதிய இணைப்போடு 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி பறந்தது. 2011இல் விண்ணோடங்கள் ஓய்வு பெறும்வரை அந்த இணைப்பால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

(தொடரும்)