நடந்தால் கரைவது எது?

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் கூடுதலாக வந்துவிட்டால், வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்வது ஒன்றுதான்: "தினமும் நட, எல்லாம் கரைஞ்சிடும்." நல்ல யோசனைதான். ஆனால் நடையில் கொலஸ்ட்ரால் கரைவதில்லை. அதை எரிக்க மனித உடலுக்குத் தெரியவே தெரியாது.

கொலஸ்ட்ரால் மூலக்கூறின் நடுவில் நான்கு கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றை உடைத்து ஆற்றலாக்கும் நொதி நம்மிடம் இல்லை. பட்டினி கிடந்தாலும் மலையேறினாலும் அதிலிருந்து ஒரு கலோரிகூடத் தேறாது. அது உடலை விட்டுப் போக முக்கியமான வழி கல்லீரல்தான். கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து பிடித்துப் பித்தத்தில் சேர்த்துக் குடலுக்குள் தள்ள வேண்டும்.

பிடிப்பதற்கென்று கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகள் இருக்கின்றன. 1970களில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவைப்பவற்றுள் ஈஸ்ட்ரோஜனும் ஒன்று. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, ஏற்பிகள் குறைகின்றன, எல்.டி.எல். ரத்தத்திலேயே அதிக நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய 'ஸ்வான்' என்ற நீண்டகால ஆய்வு, அவர்களை ஆண்டுதோறும் பரிசோதித்து இந்த ஏற்றத்தைப் பதிவு செய்தது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில்தான் எல்.டி.எல். சட்டென்று எகிறியது. வெள்ளையர், கறுப்பினத்தவர், சீனர், ஜப்பானியர், ஹிஸ்பானியர் எல்லோரிடமும் இதே கதைதான். (தெற்காசியப் பெண்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது ஒரு குறை.) ஆக, சாப்பாட்டில் எதையும் மாற்றாத பெண்ணுக்கும் எண் ஏறும். "என்னத்தைத் தின்னே?" என்று அவரைக் குடைவதில் நியாயமில்லை.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜனுடன் புரொஜெஸ்டினும் கலந்த மாத்திரையால் எல்.டி.எல். இறங்கியது, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். ஏறியது. ஆனால் மாரடைப்பு குறையவில்லை. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியதால் இதைச் சோதித்த அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

நடைக்கு வருவோம். நடக்கும்போது தசை எரிப்பது ட்ரைகிளிசரைடு என்ற வேறொரு கொழுப்பை. தசைக்குள் ஓடும் நுண்குழாய்களின் சுவரில் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதி உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் மிதந்து வரும் துகள்களிலிருந்து ட்ரைகிளிசரைடைப் பிரித்துத் தசைக்குக் கொடுப்பது இதன் வேலை. உடற்பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் இதன் வேகம் கூடும். ஓரிரு நாளில் பழையபடி அடங்கிவிடும். இப்படிக் காலியான துகள்களின் மேலுறைப் பொருள்கள் எச்.டி.எல்.லுக்குப் போய்ச் சேர்கின்றன. நடப்பவர்களுக்கு எச்.டி.எல். சற்று உயர இதுவும் ஒரு காரணம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு கணக்கின்படி அந்த உயர்வு சராசரியாக டெசிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம். அதற்கே வாரம் 120 நிமிடமாவது பயிற்சி வேண்டும்.

எல்.டி.எல்.லைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்சியா ஸ்டெஃபானிக் குழுவினர் செய்து 1998இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்த ஒன்று. மாதவிடாய் நின்ற, 45 முதல் 64 வயது வரையிலான 180 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள் (ஆண்களுக்குத் தனியே நடந்தது). ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், ஒன்றுக்கு நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்த உணவு மட்டும், ஒன்றுக்கு இரண்டும், மற்றதற்கு எதுவுமில்லை. ஓராண்டு கழித்து, எதுவும் செய்யாத பெண்களின் எல்.டி.எல். 2.5 மில்லிகிராம் குறைந்திருந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 5.6, உணவை மட்டும் மாற்றியவர்களுக்கு 7.3. இந்த வித்தியாசங்களைத் தற்செயல் என்று தள்ளிவிட இடமிருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் 14.5 குறைந்தது. உணவு மாற்றத்தைப் பலிக்க வைத்ததே நடைதான் என்று சொல்லலாம்.

எல்.டி.எல். எண் அசையாதபோதும் உள்ளே மாற்றம் நடக்கலாம். டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், பருத்த உடல்வாகுள்ள ஆண்களும் பெண்களும் பல மாதங்கள் நடந்தார்கள், ஓடினார்கள். மொத்த எல்.டி.எல். கொலஸ்ட்ரால் மாறவில்லை. ஆனால் நிறைய ஓடியவர்களிடம் சிறிய, அடர்ந்த எல்.டி.எல். துகள்கள் குறைந்து துகளின் சராசரி அளவு பெரிதானது. ஒரே எடை அரிசியைச் சிறு பைகளிலிருந்து மூட்டைகளுக்கு மாற்றியதுபோல. வழக்கமான பரிசோதனை அரிசியின் எடையை மட்டுமே சொல்லும், பைகளை எண்ணாது. தமனிச் சுவருக்குள் நுழைந்து தொல்லை தருவதில் துகள்களின் எண்ணிக்கைக்குப் பெரிய பங்குண்டு. மேலும் நடை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கிறது. இவற்றுக்கு லிப்பிட் அறிக்கையில் இடமே கிடையாது.

பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் விழுந்து விழுந்து நடப்பவர்கள் உண்டு. நொதி விழித்துக்கொள்வதால் ட்ரைகிளிசரைடு அவர்கள் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றும். எல்.டி.எல். போட்டுக் கொடுத்துவிடும்.