எலக்ட்ரான் ஓடும் பாதை

கைப்பேசிக்கு மின்னேற்றும்போது சார்ஜர் சூடாவதை நாம் அனைவரும் அறிவோம். அச்சூடு வீணாகும் மின்சாரமே. மின்சாரக் காரிலும் இரயிலிலும் இவ்விழப்பு இன்னும் பெரிது. இதைக் குறைக்க உதவும் குறைகடத்தியே காலியம் நைட்ரைடு.

இது சிலிக்கனைவிடச் சுமார் 10 மடங்கு வலிய மின்புலத்தைத் தாங்கும். ஆகவே உயர்ந்த மின்னழுத்தத்தையும் மெல்லிய அடுக்கே தாங்கிவிடும். பாதையின் நீளம் குறைந்தால் மின்தடையும் குறையுமன்றோ?

ஆனால் அந்த அடுக்கில் மாசூட்டல் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 90 லட்சம் அணுக்களுக்கு ஒரு சிலிக்கன் அணு என்ற அளவே சேர்ப்பர். ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் ஓர் எலக்ட்ரானைத் தருகிறது. சுமப்பவர் சிலரேயானால், ஒவ்வொருவரும் தடையின்றி ஓடினால்தானே வேலை நடக்கும்?

அந்த ஓட்டத்தை அளப்பது 'இயக்க எண்'. நல்ல காலியம் நைட்ரைடில், ஒரு செ.மீ. நீளத்திற்கு ஒரு வோல்ட் வீதம் கொடுத்தால், எலக்ட்ரான் வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் நகரும்.

இவ்வோட்டத்திற்குத் தடைகள் மூன்று. முதலாவது, வெப்பத்தால் படிகத்தின் அணுக்கள் அதிர்வது. இதை முற்றிலும் நீக்க இயலாது. இரண்டாவது, அணு வரிசையில் விழும் பிசகுக் கோடுகள். இவை எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, பின்வருபவற்றை விலக்கித் தள்ளும். மூன்றாவது, படிகம் வளர்க்கும் வாயுவிலிருந்து நுழையும் கார்பன். எலக்ட்ரான்கள் ஏராளமாக இருக்குமிடத்தில் சிறிது கார்பன் பெரிய தீங்கு செய்யாது. மாசூட்டல் குறைந்த அடுக்கிலோ, அதே கார்பன் இருக்கும் சில எலக்ட்ரான்களையும் கவர்ந்துவிடும்!

ஆகவே படிகத்தின் தூய்மையே உயிர்நாடி. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் 1986-ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டனர். சபையர் கல்லின்மீது முதலில் மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கை இட்டு, அதன்மேல் தெளிந்த காலியம் நைட்ரைடு படிகத்தை வளர்த்தனர். நீல ஒளி தரும் டையோடுக்காக, சுஜி நகமுராவுடன் 2014-இல் நோபல் பரிசும் பெற்றனர். இன்று காலியம் நைட்ரைடுத் தகட்டின் மீதே படிகத்தை வளர்ப்பதால் பிசகுகள் பன்மடங்கு குறைகின்றன.

தோழியரே! 90 லட்சத்தில் ஒன்றைக்கூட அறிவியல் அலட்சியம் செய்வதில்லை. சின்னஞ்சிறு செயலையும் செம்மையாகச் செய்வதே குழந்தை தெரேசம்மாள் காட்டிய சிறிய வழி. படிகத்திற்குப் பொருந்தும் அப்பாடம் நமக்கும் பொருந்துமல்லவா?