வயதானவர்கள் ஓடலாமா?

2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் மராத்தான் பந்தயம். தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஓடியவர்களுள் எட் விட்லாக் என்பவரும் ஒருவர். மெலிந்த உடல், வெள்ளிபோல் நரைத்த தலை, வயது 72! அவர் 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் எல்லைக் கோட்டைத் தாண்டினார். எழுபது வயதைக் கடந்த ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் மராத்தான் ஓடி முடித்தது உலகில் அதுவே முதல் தடவை.

மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகம்! நீங்கள் பள்ளிக்கு மிதிவண்டியில் போகும் வேகம் அநேகமாக அவ்வளவுதான். அந்த வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடும்போது முதியவரின் கால்கள் என்ன ஆகும்? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அடியின் கணக்கு

நடக்கும்போது ஏதேனும் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போதோ ஒவ்வோர் அடிக்கும் இடையே இரண்டு கால்களும் சிறிது நேரம் தரையை விட்டு நீங்குகின்றன. ஆகவே ஓட்டம் என்பது தொடர்ச்சியான சிறு தாவல்களே. தாவியவர் தரையிறங்கும்போது பாதம் தரையை அழுத்துகிறது. தரையும் அதே விசையுடன் பாதத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதல்லவா? இந்த விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும்.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டரை மடங்கு என்றால் ஓர் அடிக்கு 150 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. நிமிடத்துக்கு 160 அடி வீதம் அரை மணி நேரம் ஓடினால் 4,800 அடிகள். எல்லா அடிகளின் சுமையையும் கூட்டினால் 720 டன்! குதிகாலையும் கெண்டைக்கால் தசையையும் இணைக்கும் தசைநாணின் பாடு இன்னும் கடினம். உடல் எடையைப் போல் ஆறு மடங்குக்கும் மேலான இழுவிசையை அது ஒவ்வோர் அடியிலும் தாங்குகிறது.

வயது என்ன செய்கிறது?

வயது ஏற ஏற உடலில் மூன்று மாறுதல்கள் நிகழ்கின்றன. முதலாவது, இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் குறைகிறது. 220இலிருந்து வயதைக் கழித்தால் அது தோராயமாகக் கிடைக்கும். உங்களுக்கு நிமிடத்துக்கு 205 என்றால், எழுபது வயதுக்காரருக்கு 150. இரண்டாவது, தசைகள் மெலிகின்றன. விரைந்து சுருங்கும் தசை இழைகளே அதிகம் குறைகின்றன. கெண்டைக்கால் வலுவிழப்பதால் முதியவர் தரையை உந்தித் தள்ளும் ஆற்றல் குறைகிறது; அடியின் நீளமும் சுருங்குகிறது. மூன்றாவது, தசைநாண்களின் தன்மை மாறுகிறது. அவற்றில் இரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு. ஆகவே சிறு கிழிசல்கூட ஆறுவதற்கு நாளாகும்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஓடப் பழகும் ஒருவருக்குச் சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். ஆனால் தசைநாணும் எலும்பும் வலுப்பெற மாதக்கணக்காகும். “மூச்சு வாங்கவில்லையே, இன்னும் இரண்டு சுற்று ஓடலாம்” என்று மனம் சொல்லும். அதை நம்பினால் குதிகால் வலிக்கும்! முதிய ஓட்டக்காரர் தம் மூச்சை விடத் தசைநாணின் பேச்சையே கேட்க வேண்டும்.

சிறிய அடியின் நன்மை

பலர் காலை வெகுதூரம் முன்னே நீட்டி ஊன்றுகிறார்கள். வேகம் கூடும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் உடலுக்கு வெகு முன்னால் ஊன்றிய கால், வண்டிச் சக்கரத்தின் முன் போட்ட கட்டையைப்போல் ஓட்டத்தைத் தடுக்கிறது. அந்த அதிர்ச்சி முழங்காலில் ஏறுகிறது.

வேகம் என்பது அடியின் நீளத்தை அடிகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள 160 அடிகள் வைத்தாலும், 95 சென்டிமீட்டர் நீளமுள்ள 168 அடிகள் வைத்தாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில் பாதம் உடலுக்கு நெருக்கமாகத் தரையைத் தொடுகிறது. வேகத்தை மாற்றாமல் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலின் சுமை குறைகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. விட்லாக்கும் பயிற்சியின்போது கால்களை உயரத் தூக்காமல், சிறு சிறு அடிகளாக, மெதுவாகவே ஓடுவார். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்காகச் சுற்றிவருவார். காயம் நேர்ந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார். ஆறிய பிறகு படிப்படியாகக் கூட்டுவார்.

முழங்கால் தேய்ந்துவிடாதா?

“ஓடினால் மூட்டு தேயும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984 முதல் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 19 ஆண்டுகளில் ஓடாதவர்களுள் 34 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களுள் 15 சதவீதத்தினரே இறந்திருந்தார்கள். ஓடியவர்களின் முழங்கால்கள் மற்றவர்களுடையதைவிட அதிகம் தேய்ந்திருக்கவும் இல்லை. குருத்தெலும்பு இயந்திரத்தின் உலோகத்தைப் போன்றதன்று; அது உயிருள்ள பொருள். அளவான சுமைக்கு அது தன்னைப் பழக்கிக்கொள்கிறது.

ஆனால் அளவு முக்கியம். புதிதாகத் தொடங்கும் முதியவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பத்து நிமிட விறுவிறுப்பான நடை. பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். ஓடிய மறுநாள் ஓய்வு தேவை. வாரத்தில் இரண்டு நாள், சுவரைப் பிடித்தபடி குதிகால்களை மெல்ல உயர்த்தித் தாழ்த்தினால் கெண்டைக்கால் வலுப்படும். நொண்டவைக்கும் வலி வந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். மார்பில் வலியோ மயக்கமோ தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி மைதானத்தில் உங்கள் இயல்பான வேகத்தில் ஒரு நிமிடம் ஓடுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் அடிகளை எண்ணட்டும். சற்று இளைப்பாறியபின், அந்த எண்ணிக்கையைவிட எட்டு அடி கூடுதலாக, அதே தூரத்தை அதே நேரத்தில் ஓடுங்கள். நண்பர் கைதட்டித் தாளம் கொடுக்கலாம். இரண்டு முறையும் பாதம் தரையில் விழும் ஓசையைக் கேளுங்கள். எது மெல்லியது? விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை வீட்டில், “எனக்கினி ஓட்டம் எதற்கு?” என்று சொல்லும் பெரியவரிடம் காட்டுங்கள். எட் விட்லாக் 2016ஆம் ஆண்டு, தம் 85ஆம் வயதில், நான்கு மணி நேரத்துக்குள் மராத்தானை ஓடி முடித்த செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள்!