பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற எண்ணெய்

எமது வடபுலத்து வீடுகள் பலவற்றிலே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இன்றும் ஓயாது உழைத்து வருகின்றது. பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்ப்பதும், தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அதன் கடமைகளாகும். யப்பானியத் தபாற் சேவைக்கென ஹொண்டா நிறுவனத்தார் ஆக்கிய எம்.டி. 90 வண்டி இவ்வகையில் எல்லோரும் அறிந்தது. 1958இல் வெளிவந்த சுப்பர் கப் வண்டியின் வழி வந்தது இது. 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டபின் இத்தகைய வண்டிகளின் அருமை மேலும் விளங்கலாயிற்று. இதன் எஞ்சின் பழுதுற்றால் அதற்காகும் செலவு ஒரு குடும்பத்தின் மாத வருவாயையே விழுங்கிவிடக்கூடும். அவ்வெஞ்சினைக் காத்து நிற்பதோ ஒரு லீற்றருக்கும் குறைந்த எண்ணெயே.

கடைக்குச் சென்று விலை கூடிய எண்ணெயைக் கேட்டு வாங்கினாற் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. மோட்டார்க் காரிலே எஞ்சினுக்கு ஓர் எண்ணெயும் கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெயும் உள. இவ்வண்டியிலோ எஞ்சின், கியர், கிளச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயிற் குளித்துக்கொண்டிருக்கின்றன. உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டுக் கார் எண்ணெய்கள் சிலவற்றிலே சேர்க்கப்படும் மருந்துகள், இங்கே கிளச் தட்டுகளை வழுக்கச் செய்யலாம். எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. இதனைத் தவிர்க்கவே யப்பானியர் 1998இல் ‘ஜாசோ’ என்னும் தரத்தை வகுத்தனர். போத்தலில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்றிருப்பின் அது எண்ணெயில் ஊறும் கிளச்சுக்கு உரியது. ‘எம்.பி.’ என்பது உராய்வு குறைந்தது. பெல்ற்றினால் இயங்கும் ஸ்கூட்டர் போன்றவற்றிற்கு உரியது.

அடுத்து, ‘20டபிள்யு-40’ என்னும் குறியை நோக்குவோம். இவ்வெண்கள் வெப்பநிலையைக் குறிப்பன அல்ல. எண்ணெயின் தடிப்பைக் குறிப்பன. ‘டபிள்யு’ என்பது மாரியைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னெண் குளிரிலும், பின்னெண் எஞ்சின் சூடேறிய நிலையிலும் எண்ணெய் ஓடும் தன்மையைக் காட்டும். உறைபனி காணாத எமது வடபுலத்திலே பின்னெண்ணே பெரிதும் கவனிக்கத்தக்கது. வண்டியின் கைந்நூல் கிடைப்பின் அதன்படி செய்க. கிடையாதவிடத்து, காற்றினாற் குளிரும் தேய்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யு-40 அல்லது 20டபிள்யு-50 பொருந்தும்.

எண்ணெய் கறுத்துவிட்டதே என அஞ்சவேண்டியதில்லை. கரியைத் தன்னுள் ஏந்தி, உறுப்புகளில் ஒட்டாது காப்பதும் நல்லெண்ணெயின் தொழிலே. ஆனாற் பெற்றோல் மணம் வீசினும், தொட்டால் நீர்போல் இளகியிருப்பினும் உடனே மாற்றுதல் வேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்திலே மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் பட்ட பாட்டைப் பெரியோர் அறிவர். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் எண்ணெயை இளக்கிவிடும். இளகிய எண்ணெய் உறுப்புகளைத் தாங்காது. கறுப்பிலும் இளக்கமே கொடிது என்பதற்கு அக்காலமே சான்று.

மாற்றும் முறை எளிது. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, நிமிர்த்தி நிறுத்தி, அடியில் ஒரு பாத்திரம் வைத்துக் கீழாணியைக் கழற்றுக. கையிற் சூடு படாது பார்த்துக்கொள்க. முழுவதும் வடிந்தபின் வாஷரைப் பார்த்து, நைந்திருப்பின் புதிதிட்டு, ஆணியை அளவாக இறுக்குக. அளவு மீறின் அலுமினியப் புரி அறுந்துவிடும். எண்ணெய் ஊற்றியபின் அளவுகோலைத் திருகி இறுக்காது, புரியின்மேல் வைத்தெடுத்து மட்டம் பார்க்க. மேற்கோட்டைத் தாண்டுதலும் தீதே. இவ்வகை வண்டிகளிற் கடதாசி வடி இல்லை. உள்ளே கம்பிவலை ஒன்றுண்டு. அதனை இடையிடையே மெக்கானிக்கைக் கொண்டு கழுவுவித்தல் நன்று. 1,500 முதல் 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றி, அத்திகதியைச் சுவர்க் கலண்டரிற் குறித்து வைத்தல் வீட்டு மாணவர் செய்யத்தக்க பணி.

ஈற்றில் ஒன்று. வடித்த எண்ணெயை வேலியோரத்தில் ஊற்றுவது பலருக்கு வழக்கமாயிற்று. எமது குடாநாட்டு நிலம் சுண்ணக்கல்லாலானது. மேலே ஊற்றியது கீழே இறங்கும். நாம் குடிப்பதோ அந்நிலத்தடி நீரையே. சுன்னாகச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலையை நாம் மறத்தலாகாது. பழைய எண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, கழிவெண்ணெய் ஏற்கும் சேவை நிலையத்திற் கொடுத்துவிடுக. வண்டியைக் காக்கப் புகுந்த நாம் கிணற்றைக் கெடுத்தல் தகாது.